எந்த ஊர் அதிகமாகக் குடிக்கிறது? குடிப் புள்ளிவிவரங்களைப் பிரித்துப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

தீபாவளி முடிந்த கையோடு ஒரு செய்தி தவறாமல் வரும். டாஸ்மாக்கில் இத்தனை கோடிக்கு விற்பனை, மண்டல வாரியாகப் பார்த்தால் மதுரை முதலிடம் என்று ஒரு பட்டியல். அன்று சாயங்காலத்துக்குள் மதுரைக்காரர்களை வைத்து மீம்ஸ் ஓட ஆரம்பித்துவிடும். எனக்கு மதுரையில் சொந்தக்காரர்கள் உண்டு, அதனால் இந்தக் கிண்டலை வருஷா வருஷம் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

விஷயம் என்னவென்றால், டாஸ்மாக்குக்கு மாநிலம் முழுக்க ஐந்தே மண்டலங்கள்தான்: சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம். மதுரை மண்டலம் என்பது மதுரை ஊர் இல்லை. திண்டுக்கல், தேனியில் ஆரம்பித்து நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி வரை தெற்கே இருப்பதெல்லாம் அதில் அடக்கம். நாகர்கோவிலில் ஒருவர் வாங்கிய ஆஃப் பாட்டில் மதுரைக் கணக்கில் ஏறுகிறது. போதாததற்கு, சென்னையிலும் திருப்பூரிலும் வருஷம் முழுக்க வேலை பார்த்துவிட்டு தீபாவளிக்கு பஸ் பிடித்து ஊருக்கு வந்தவர்கள் வாங்கியதும் அதே கணக்குதான். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்த ஊர்க்காரன் குடிகாரன் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

குடியைப் பற்றி வருகிற எண்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான். எண் பொய்யாக இருக்காது, நாம் அதைப் படிக்கிற விதம்தான் தப்பாக இருக்கும். இந்திய மாநிலங்களை வைத்தே எப்படிப் பிரித்துப் படிப்பது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

படி 1: எண்ணியது காசையா, பாட்டிலையா, ஆளையா?

முதலில் கேட்க வேண்டியது இதுதான். காசு என்றால் அரசுக்கு வந்த வரி அல்லது விற்பனைத் தொகை. பாட்டில் என்றால் பெட்டிக் கணக்கு, லிட்டர் கணக்கு. ஆள் என்றால் வீடு வீடாகப் போய்க் கேட்ட ஆய்வு. இந்த மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில். ஒன்றின் விடையை எடுத்து இன்னொன்றின் கேள்விக்குப் பதிலாகப் போடும்போதுதான் சண்டையே வருகிறது.

காசிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் செய்தியில் அதிகம் வருவது அதுதான். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அந்த 2003-04 நிதியாண்டில் அரசுக்கு வந்தது 3,639 கோடி ரூபாய். 2024-25-ல் 48,344 கோடி. 13 மடங்கு. 'தமிழன் 13 மடங்கு அதிகமாகக் குடிக்கிறான்' என்று மேடையில் பேசுவதற்கு இது வசதியாக இருக்கும். ஆனால் இது கலால் வரியும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்த வருமானம். வரியை ஏற்றினால், ஒரு பாட்டில்கூட அதிகம் விற்காமலேயே இது ஏறும். இருபது வருஷத்தில் டீ எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், அதை வைத்து நாம் அத்தனை மடங்கு டீ குடிக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னும் நெருக்கமாக ஒரு உதாரணம். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், 5,329 கடைகள் 4,829 ஆயின. 2022-23-ல் 44,121 கோடியாக இருந்த வருமானம் கடைகளை மூடிய 2023-24-ல் 45,855 கோடி ஆனது. உடனே 'கடையை மூடியும் குடி கூடிவிட்டது, எல்லாம் கண்துடைப்பு' என்று எழுதினார்கள். கணக்குப் போட்டால் ஏற்றம் 4 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அந்த வருஷம் நாட்டின் பொதுவான விலைவாசி உயர்வு சுமார் 5.4 சதவீதம், கூடவே 2024 பிப்ரவரியில் சாதாரண குவார்ட்டருக்கு 10 ரூபாய் ஏற்றினார்கள். இதையெல்லாம் கழித்தால் விற்ற பாட்டிலின் எண்ணிக்கை குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. குறைந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கூடியது என்று சொல்ல அந்த எண் போதாது, அவ்வளவுதான்.

படி 2: பாட்டிலை ஆல்கஹாலாக மாற்றுங்கள்

பெட்டிக் கணக்கு கிடைத்தால் காசை விட எவ்வளவோ தேவலை. ஆனால் பெட்டியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிராந்தி, ரம், விஸ்கி ஒரு பெட்டி என்றால் 750 மி.லி. பாட்டில் 12, அதாவது 9 லிட்டர். பீர் ஒரு பெட்டி 650 மி.லி. பாட்டில் 12, அதாவது 7.8 லிட்டர். இரண்டையும் கூட்டி 'மொத்தம் இத்தனை லட்சம் பெட்டி' என்று போட்டால், உள்ளே எவ்வளவு போதை இருக்கிறது என்பதே காணாமல் போய்விடும்.

லேபிளைப் பாருங்கள். நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதனால்:

180 மி.லி. குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மி.லி.
650 மி.லி. சாதாரண பீர், 5 சதவீதம் என்றால் 32.5 மி.லி.
அதே 650 மி.லி. ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் 52 மி.லி.

ஆக ஒரு குவார்ட்டர் அடித்தவர், இரண்டு சாதாரண பீர் குடித்தவரை விட அதிகமாகக் குடித்திருக்கிறார். 'நான் பீர் மட்டும்தான்' என்று சொல்லிக்கொண்டு மூன்று ஸ்ட்ராங் காலி செய்கிறவர் இரண்டு குவார்ட்டரைத் தாண்டிவிட்டார், அது அவருக்குத் தெரியாது. பிராந்தி அதிகம் ஓடுகிற ஒரு மாநிலத்தையும் பீர் அதிகம் ஓடுகிற ஒரு மாநிலத்தையும் லிட்டர் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பீர் மாநிலம்தான் மொடாக்குடி மாதிரித் தெரியும். சுத்த ஆல்கஹாலாக மாற்றினால் வரிசையே தலைகீழாகலாம். உலக சுகாதார அமைப்பு நாடுகளை ஒப்பிடும்போது 15 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தலைக்கு இத்தனை லிட்டர் சுத்த ஆல்கஹால் என்று சொல்வது இதற்காகத்தான்.

படி 3: 'தலைக்கு' என்றால் யார் தலைக்கு?

அந்த அமைப்பின் கணக்குப்படி 2019-ல் இந்தியாவில் தலைக்கு 4.9 லிட்டர். உலக சராசரி 5.5. ஐரோப்பியப் பிராந்தியத்தில் 9.2. பார்த்தவுடன் நாம் ரொம்ப நல்ல பிள்ளைகள் மாதிரி இருக்கிறது.

இந்த 4.9-ஐ குடிக்காதவர் தலையிலும் ஏற்றித்தான் சராசரி போட்டிருக்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயதுக்குள் கடந்த 12 மாதத்தில் குடித்தவர்கள் 14.6 சதவீதம், ஏறத்தாழ 16 கோடிப் பேர் என்றது. ஆண்களில் 27.3, பெண்களில் 1.6. சின்னப் பிள்ளைகளைக் கழித்துவிட்டு, தோராயமாக ஆறு பேரில் ஒருவர் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஒருவர் ஆறு பேருடைய பங்கையும் குடிக்கிறார், வருஷத்துக்கு 29 லிட்டருக்கு மேல் சுத்த ஆல்கஹால். 750 மி.லி. பிராந்தி ஃபுல் பாட்டில் ஒன்றில் 321 மி.லி. ஆல்கஹால். வகுத்தால் 90 ஃபுல்லுக்கு மேல் வருகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு குவார்ட்டர்.

ஐரோப்பாவில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடிப்பவர்கள். 9.2 லிட்டர் அத்தனை பேருக்கும் பிரிந்து போகிறது. குடிப்பவர் தலைக்கு என்று பார்த்தால் நம் ஆள் அங்கே உள்ளவரை விட அதிகமாகக் குடிக்கிறார். இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் நாடுகளையோ மாநிலங்களையோ தயவுசெய்து ஒப்பிடாதீர்கள். பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த இன்னொரு விஷயமும் உண்டு: குடிப்பவர்களுக்குள்ளேயே மேலே இருக்கிற பத்தில் ஒரு பங்கு ஆட்கள்தான் மொத்த சரக்கில் பாதி அளவுக்குக் குடித்துத் தீர்க்கிறார்கள். சராசரி ஆள் என்று ஒருவர் கிடையவே கிடையாது.

படி 4: எல்லையைப் பாருங்கள்

மாஹே என்று ஒரு ஊர். நிர்வாகத்தில் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் இருப்பது கேரளத்துக்குள், தலச்சேரிக்குப் பக்கத்தில். பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் மக்கள் 42 ஆயிரம் பேர். வரி குறைவு என்பதால் தடுக்கி விழுந்தால் ஒரு சாராயக் கடை. அங்கே விற்கிற பாட்டிலை அங்கே இருக்கிற 42 ஆயிரம் பேரால் வகுத்தால், மாஹேக்காரர்கள் குளிப்பதே பிராந்தியில்தான் என்று தோன்றும். வாங்கிக்கொண்டு போவது சுற்று வட்டாரக் கேரளம்.

புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இதே கதைதான். வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற கார்களைப் பார்த்தாலே தெரியும். குஜராத்தில் மதுவிலக்கு, ஒட்டினாற்போல மதுவிலக்கு இல்லாத டாமன். கோவாவில் சுற்றுலா. வெளிநாட்டிலும் இது உண்டு, லக்சம்பர்க்கில் வரி குறைவு என்று பக்கத்து நாட்டுக்காரர்கள் வந்து வாங்கிப் போவதால் அதன் தலைக்கணக்கு எப்போதும் வீங்கியே இருக்கும்.

ஆகவே விற்பனைக் கணக்கு எதைப் பார்த்தாலும், பக்கத்து மாநிலத்தில் விலை என்ன, கடை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 5: ஆய்வு என்றால், கதவைத் திறந்தது யார்?

இந்தப் படிதான் முக்கியம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

காலை பதினோரு மணி. ஆய்வுக்கு வந்த பெண் கதவைத் தட்டுகிறார், கையில் டேப்லெட். வீட்டில் மாமியாரும் மருமகளும். பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதிக்கொண்டு வருகிறார், பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார். 'உங்க வீட்டுக்காரர் குடிப்பாராங்க?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? 'ஐயய்யோ, அந்தப் பழக்கமெல்லாம் எங்க வீட்ல யாருக்கும் கிடையாதுங்க.' அவரையே நேரில் பிடித்துக் கேட்டாலும், 'குடிக்கிறதெல்லாம் இல்லப்பா, எப்பவாச்சும் கல்யாணம் காட்சின்னா ஒரு கட்டிங்' என்பார். அது குடிப்பவர் பக்கம் விழுமா, குடிக்காதவர் பக்கம் விழுமா என்பது கேள்வி எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. 'குடிப்பீர்களா' என்பது ஒரு கேள்வி, 'கடந்த 12 மாதத்தில் ஒரு தடவையாவது குடித்தீர்களா' என்பது வேறு கேள்வி.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) இரண்டு விதமாகவும் தகவல் எடுத்தார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்குமான எண், வீட்டில் ஒருவரிடம் மற்றவர்களையும் பற்றிக் கேட்டு எடுத்தது. 15 முதல் 49 வயது ஆண்களுக்கான எண், அவரவரிடமே கேட்டது. முதல் வழியில் இந்திய ஆண்களில் குடிப்பவர்கள் 18.8 சதவீதம். இரண்டாவது வழியில் 22. ஒரே ஆய்வு, ஒரே நாடு, இரண்டு எண்.

இதிலிருந்து பிறந்த ஒரு பெரிய தப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான்காம் சுற்றில் (2015-16) தமிழ்நாட்டு ஆண்கள் 46.7 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 25.4. 'குடி பாதியாகக் குறைந்தது' என்று பார்த்திருப்பீர்கள். முன்னது 15-49 வயதுக்காரர்களிடம் நேரில் கேட்டது, பின்னது கிழவர்கள் உட்பட எல்லாரையும் சேர்த்து, வீட்டில் இருந்தவரிடம் கேட்டது. அதுவும் தமிழ்நாட்டில் ஐந்தாம் சுற்று கொரோனாவால் நடுவில் நின்று மறுபடி நடந்தது. இரண்டையும் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஒப்பிட வேண்டுமென்றால் 15-49-க்கு எதிரே 15-49. இந்தியா முழுவதற்கும் அப்படிப் பார்த்தால் 29-லிருந்து 22. குறைவுதான், பாதி இல்லை.

வீடு வீடாகப் போகிற ஆய்வு என்பதால் கட்டட வேலை ஷெட்டில் தங்கியிருப்பவர், தெருவில் படுப்பவர் போன்றவர்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போவார்கள். குடி எங்கே அதிகமோ அங்கேயே கணக்கு ஓட்டை.

படி 6: இரண்டு கணக்கையும் மோதவிடுங்கள்

எனக்குப் பிடித்த வேலை இது. தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் ஏறக்குறைய 3 கோடி. அதில் 25.4 சதவீதம் என்றால் சுமார் 76 லட்சம் பேர். பெண்கள் 0.3 சதவீதம்தான் என்கிறது ஆய்வு, அதை விட்டுவிடலாம். ஆய்வுக்கு அடுத்து வந்த 2021-22-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வரி 36,050 கோடி.

வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு வருஷத்துக்கு 47 ஆயிரம் ரூபாய்க்கு மேல், நாளுக்கு 130 ரூபாய். இது வரி மட்டும். அப்போது சாதாரண குவார்ட்டரே 120 ரூபாய்ப் பக்கம்தான். அதாவது அந்த 76 லட்சம் பேரும், மாதத்துக்கு ஒரு தடவை குடிப்பவர் உட்பட, தினம் ஒரு குவார்ட்டருக்கு மேல் வாங்கியிருந்தால்தான் கணக்கு நேராகும். அந்த வருஷம் கொரோனா இரண்டாவது அலையில் கடைகள் சில வாரம் மூடியும் இருந்தன.

நடக்கிற காரியமா? பாதி நடக்கும். நிஜமாகவே தினம் குடிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், விலை அதிகமான சரக்கு வாங்குபவர்களும் உண்டு. மீதி, வீட்டில் 'இல்லை' என்று சொன்னவர்கள். ஆய்வில் ஒப்புக்கொண்ட குடியைக் கூட்டினால் விற்பனையில் பாதிதான் தேறும் என்பது பல நாடுகளில் கண்ட விஷயம், நாம் மட்டும் விதிவிலக்கா என்ன.

படி 7: வெட்கத்தையும் கணக்கில் சேருங்கள்

ஐந்தாம் சுற்றின் மாநிலப் பட்டியலில் அருணாசலப் பிரதேசம் உச்சியில் இருக்கிறது: ஆண்களில் 53 சதவீதம், பெண்களில் 24. சிக்கிமில் பெண்கள் 16. தெலங்கானாவில் ஆண்கள் 43, பெண்கள் 6.7. கேரளத்தில் ஆண்கள் 19.9, பெண்கள் 0.2.

ஓணம் வந்தால் 'குடிகார மாநிலம்' பட்டத்தைச் சுமக்கிற கேரளம் இதில் தமிழ்நாட்டுக்கும் கீழே. அருணாசலத்தில் அபோங் என்கிற அரிசி மது வீட்டிலேயே ஊறவைப்பது, பெண்கள் செய்வது, விருந்தாளிக்குக் கொடுப்பது. சிக்கிமில் கேழ்வரகில் செய்கிற சாங் அதே மாதிரி. ஜார்க்கண்டில் ஹண்டியா, சத்தீஸ்கரில் இலுப்பைப் பூ சாராயம். தெலங்கானாவில் கள் சட்டப்படி விற்கிறது, நம் ஊரில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. வீட்டில் காய்ச்சுவது எந்தக் கலால் கணக்கிலும் ஏறாது, ஆனால் 'குடிப்பீர்களா' என்று கேட்டால் அங்கே கூச்சப்படாமல் ஆம் என்று சொல்ல முடியும். இங்கே ஒரு பெண் அப்படிச் சொல்லிவிட்டு அந்தத் தெருவில் குடியிருக்க முடியுமா? 24-க்கும் 0.3-க்கும் நடுவில் இருப்பது முழுக்கக் குடியின் வித்தியாசம் இல்லை, சொல்லும் துணிச்சலின் வித்தியாசமும் அதில் கலந்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

படி 8: மதுவிலக்கு மாநிலங்களுக்குத் தனிக் கண்ணாடி

பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு. ஐந்தாம் சுற்றில் அங்கே 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 15.5 சதவீதம் பேர் குடிப்பதாகப் பதிவானது. கடை திறந்திருக்கிற மகாராஷ்டிரத்தில் 13.9. இதை வைத்து மதுவிலக்கே தோல்வி என்று ஒரு கட்சி, முந்தைய சுற்றை விடக் குறைந்திருக்கிறதே, வெற்றிதான் என்று இன்னொரு கட்சி.

இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. பீகாரில் குடிப்பதை ஒப்புக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி, அதனால் நிஜ எண் 15.5-க்கு மேலே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதே நேரம் தடை இல்லாத மாநிலங்களையும் சேர்த்து நாடு முழுக்கவே 29 என்பது 22 ஆகியிருக்கிறது, ஆகவே பீகாரின் இறக்கம் முழுவதையும் மதுவிலக்கின் பேரில் எழுதவும் முடியாது. இந்த மாதிரி மாநிலத்தில் விற்பனைக் கணக்கே கிடையாது, ஆய்வோ பயத்தில் சுருங்கியது. குடித்தவர் எத்தனை பேர் என்பதை விட எதைக் குடித்தார்கள் என்பது அங்கே பெரிய கேள்வி.

கடை இருக்கிற இடத்திலும் இது உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்கள் குடித்தது டாஸ்மாக்கின் எந்தப் பெட்டிக் கணக்கிலும் இல்லை. இந்தியாவில் குடிக்கிற ஆல்கஹாலில் கிட்டத்தட்ட பாதி, பதிவில் வராத இந்த ரகம் என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் 2018 அறிக்கை போட்ட மதிப்பீடு.

கடைசியாக ஒரு சின்னது: நாள்

ஒரே நாள் விற்பனையைப் பற்றிய செய்தி வந்தால் காலண்டரைப் பாருங்கள். காந்தி ஜெயந்தி, குடியரசு தினம், சுதந்திர தினம் எல்லாம் கடைக்கு லீவு. அதனால் முந்தின நாள் சாயங்காலம் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும், இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கிப் போவார்கள். 'அக்டோபர் 1 அன்று விற்பனை எகிறியது' என்று யாராவது அனுப்பினால், முதலில் இரண்டால் வகுத்துவிட்டு அப்புறம் பேச்சைத் தொடருங்கள்.